பூட்டிய வீடுகள்

வீட்டு வசதித் துறையில் அவளுக்கு வைத்த பெயர் 'மூணு தட்டு'. நேருக்கு நேர் 'மேடம்' என்பார்கள். முதுகைத் திருப்பியதும் "மூணு தட்டு கிளம்பியாச்சு, டீ சொல்லு" என்பார்கள். அது அவளுக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அவளைத் தலைமைப் பொறியாளராகப் போட்ட நேரத்தில், பழைய அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டும் முந்தைய திட்டம் ஒன்று நாறிப்போயிருந்தது. குடியிருந்தவர்கள் தெருவில் நின்றார்கள். எங்கோ சொந்த வீட்டில் சொகுசாக இருந்துகொண்டு இங்கே பூட்டை மட்டும் தொங்கவிட்டிருந்தவர்கள் வரிசையாக வந்து சாவி வாங்கிப் போனார்கள். இனி அந்த ஆட்டம் நடக்காது என்று அவள் ஒரு விதி எழுதினாள். கணக்கெடுப்பவர் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று வெவ்வேறு நாட்களில் போய்க் கதவைத் தட்ட வேண்டும். மூன்று நாளும் பூட்டியிருந்தால் அங்கே யாரும் குடியில்லை. பக்கத்து வீட்டார் சாட்சி செல்லாது. முந்தைய திட்டத்தில் பொய் சாட்சி சொன்னவர்கள் அவர்கள்தான். படிவத்தில் இரண்டே கட்டம்: 'திறந்திருந்தது', 'பூட்டியிருந்தது'. மூன்றாவதாக ஒன்று வைத்தால் அதில் புகுந்து விளையாடிவிடுவார்கள் என்று அவளே அடித்துச் சொன்னாள்.

அந்த விதியோடு முதலில் கைவைத்த குடியிருப்பு, அவள் பிறந்து வளர்ந்த குடியிருப்பு. இருநூற்று எண்பத்தெட்டு வீடுகள். இரண்டாம் மாடியில் அவளுடைய அண்ணன் இன்னும் இருந்தார். அந்தக் குடியிருப்பின் தண்ணீர் பம்பை முப்பது வருடம் ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டது. எட்டு மணிக்கும் பம்பைப் போடப் போவார், பத்து மணிக்கும் போவார். புது ஆபரேட்டர் விரட்டினால், "யாருப்பா நீ, என் பம்ப்புல கையை வைக்கிற?" என்று சண்டைக்கு நிற்பார். ஒருநாள் தொட்டி வழிந்து மூன்று வீட்டுக் கூரை ஒழுகியது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அண்ணி எல்லார் வீட்டுத் தண்ணீரையும் துடைத்துக் கொடுத்தாள்.

திட்டம் தொடங்கிய அன்று அண்ணிக்குப் போன் செய்து அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அண்ணி, இந்த வேலை முடியற வரைக்கும் நான் அங்க வரமாட்டேன். நீங்களும் ஆபீசுக்கு வராதீங்க, போன் பண்ணாதீங்க. தங்கச்சி இருக்கா, அதான் வீடு கிடைச்சிதுன்னு ஒருத்தன் வாயும் பேசக் கூடாது."

"நீ இருக்கும்போது எங்களுக்கு என்னம்மா கவலை. வேலையைப் பாரு" என்றாள் அண்ணி. ஒரு வருத்தமும் காட்டவில்லை. சொன்ன சொல்லையும் காப்பாற்றினாள். இரண்டு வருடம் ஒரு போன் கிடையாது.

இரண்டு வருடத்தில் வேலை மளமளவென்று நடந்தது. கணக்கெடுப்பு முடிந்தது. எல்லாரும் காலி செய்து ஆளுக்கொரு மூலையில் வாடகைக்குப் போனார்கள். பழைய கட்டடம் தரைமட்டமானது. புதுக் கட்டடம் மூன்றாம் தளம் வரை எழுந்து நின்றது. குடியேறப் போகிறவர்களின் பட்டியலை ஒரு திங்கட்கிழமை காலை கட்டுமான இடத்து வேலியில் ஒட்டினார்கள்.

பதினோரு மணிக்கு, அங்கேயே இருந்த அவளுடைய தள அலுவலகத்துக்கு அண்ணி வந்தாள். மருத்துவமனையில் வார்டு உதவியாளர் வேலை அவளுக்கு. நீலச் சீருடையோடு அப்படியே வந்திருந்தாள். இளைத்திருந்தாள். கையெடுத்துக் கும்பிடப் போனவள், சுற்றி ஆட்கள் இருப்பதைப் பார்த்து, 'மேடம்' என்றாள்.

"எங்க நம்பர் அதுல இல்லை, மேடம். மூணு தடவை பார்த்துட்டேன். கண்ணு சரியில்லையோன்னு வாட்ச்மேனையும் பார்க்கச் சொன்னேன்."

அவள் அண்ணியை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, கணக்கெடுப்புப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னாள். இரண்டாம் மாடி, அண்ணன் வீட்டு எண். மூன்று தேதிகள். மூன்றிலும் 'பூட்டியிருந்தது' என்று டிக். கடைசி டிக்கின் ஓரத்தில், கணக்கெடுத்தவர் பென்சிலில் சின்னதாக எழுதியிருந்தார்: 'உள்ளே ஆள் குரல். பூட்டு வெளிப்பக்கம்.'

"வேற என்னம்மா பண்ணச் சொல்றே?" அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். 'மேடம்' அவளை அறியாமலே போய்விட்டது. "நான் காலையில ஏழு மணிக்கு டியூட்டிக்குப் போகணும். திறந்து போட்டா அவர் பம்ப்பைத் தேடிக் கிளம்பிடுவார். ஒருதடவை மெயின் ரோட்டுல லாரிக்கு முன்னால போய் நின்னார். அதான் வெளியில பூட்டிட்டுப் போவேன். மூணு மணிக்கு வந்து திறந்துடுவேன்."

அவள் கணக்கெடுப்பவரைக் கூப்பிட்டாள். ஓய்வு பெற ஆறு மாதம் இருந்த மனிதர். அவர் நடுங்கவில்லை, எதிர்பார்த்திருந்தவர் போல நின்றார்.

"தட்டினேன் மேடம். 'யாரு'ன்னு உள்ளேயிருந்து கேட்டார். கதவைத் திறங்கய்யான்னேன். 'திறக்க முடியாதுப்பா, தண்ணி நாலு மணிக்குத்தான் விடுவாங்க'ன்னார். பக்கத்து வீட்டம்மாவும் வந்து, ஆள் இருக்கார் சார், எழுதிக்குங்கன்னாங்க. பக்கத்து வீட்டுச் சாட்சி செல்லாதுன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க? படிவத்துல எந்தக் கட்டத்துல எழுதறது? மனசு கேக்காம ஓரத்துல எழுதி வெச்சேன். ஓரத்துல எழுதினது கம்ப்யூட்டர்ல ஏறாது மேடம்."

"ஏன் என்கிட்ட வந்து சொல்லலை?"

"விதியைப் பத்தி யாரும் என்கிட்ட வரக் கூடாதுன்னு நீங்கதான் மீட்டிங்ல சொன்னீங்க."

அந்தக் கூட்டத்தில் அவள் மேசையைத் தட்டிப் பேசியதுகூட ஞாபகம் இருந்தது.

ஆட்சேபம் சொல்லப் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்திருந்தார்களே, அப்போது ஏன் யாரும் வரவில்லை என்று கோப்பைப் புரட்டினாள். அறிவிப்பை முறைப்படிதான் ஒட்டியிருந்தார்கள், புகைப்படமும் இருந்தது. பழைய கட்டடத்துச் சுவரில், எல்லாரும் காலி செய்துபோன மறுநாள் ஒட்டியிருந்தார்கள். படிக்க அங்கே பூனைகூடக் கிடையாது. பதினாறாம் நாள் அந்தச் சுவரையே இடித்துத் தள்ளியிருந்தார்கள். அரசாங்கத்துக்கு எதையும் ஒழுங்காகச் செய்யத் தெரியாது என்று யார் சொன்னது?

பூட்டியதாகக் குறித்த வீடுகள் மொத்தம் எழுபத்தாறு. அடுத்த மூன்று நாளும் அவள், காலி செய்தபோது அவர்கள் எழுதிக் கொடுத்த முகவரிகளை வைத்துக்கொண்டு ஊரின் நாலு மூலைக்கும் அலைந்தாள். பலகை அடைத்த அறைகளிலும், கடைக்குப் பின்னால் இருந்த கிடங்குகளிலும், மொட்டை மாடித் தகரக் கொட்டகைகளிலும் அவர்கள் இருந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே தொழிற்சாலையில் பகல் ஷிப்ட். வீட்டு வேலைக்குப் போகும் அக்காவும் தங்கையும். பேருந்து நடத்துநர் ஒருவர். காலையில் பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் போனால் உழைக்கிறவன் வீடு பூட்டித்தான் இருக்கும். ஏழு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் இது. அலுவலக நேரத்தில் கணக்கெடுக்கிற ஆபீசர்களுக்குத்தான் தோன்றவில்லை. உண்மையிலேயே பூட்டிவைத்துவிட்டு வேறெங்கோ வாழ்ந்தவர்கள் எழுபத்தாறில் நாலு பேர். அந்த நாலு பேரைப் பிடிக்க அவள் போட்ட வலையில் எழுபத்திரண்டு குடும்பம் மாட்டியிருந்தது.

அவளைப் பார்த்ததும் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "எப்ப மேடம் சாவி?" பட்டியல் ஒட்டியதே பலருக்குத் தெரியவில்லை.

மூன்று தளம் கூடுதலாக எழுப்ப முடியுமா என்று டிசைன் இன்ஜினியரைக் கேட்டாள். அவர் வரைபடத்தை விரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"பட்டியல் இருநூத்திப் பன்னிரண்டுன்னு நீங்க கொடுத்தீங்க. அதுக்கு எட்டு மாடி. எட்டு மாடிக்குத்தான் பூமிக்குள்ள தூண் இறக்கியிருக்கோம். இனிமே தலைகீழா நின்னாலும் ஒன்பதாவது மாடி ஏறாது மேடம். ஏத்தினா எல்லாரும் சேர்ந்து கீழே வரவேண்டியதுதான்."

"பக்கத்துல மிச்ச இடம் இருந்ததே?"

"அதைக் கடைத்தொகுதிக்குக் கொடுத்தாச்சு. வீடு குறைஞ்சதுனாலதானே அந்த இடமே மிச்சமாச்சு."

அவள் மேசைமேல் கிடந்த வரைபடத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். தப்பு காகிதத்தில் இருந்திருந்தால் அடித்து எழுதியிருக்கலாம். அது அறுபது அடி ஆழத்தில் கம்பியும் கான்கிரீட்டுமாக இறுகிக் கிடந்தது. அதை இறக்கும்போது பக்கத்திலேயே நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள் அவள்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் துறை இயக்குநர் அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். நல்ல மனிதராகவே கதவைச் சாத்தினார்.

"விஷயம் கேள்விப்பட்டேன் மேடம். உங்க அண்ணனாமே. சொல்லவே இல்லையே நீங்க." தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினார். "மாதிரி வீடுன்னு மூணாவது மாடியில ஒண்ணு முடிச்சு வெச்சிருக்கோம். அது பட்டியல்ல சேராது. என் அதிகாரத்துல நான் யாருக்கு வேணா கொடுக்கலாம். நோயாளின்னு காரணம் காட்டி உங்க அண்ணனுக்கு எழுதிடறேன். நியாயமாவும் இருக்கும்."

அவள் குவளையைத் தொடவில்லை.

"ஆனா அமைச்சரகத்துக்கு இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஒரு அறிக்கை போயாகணும். எழுபத்தாறு வீடும் மறுபடி சரிபார்க்கப்பட்டது, யாரும் குடியில்லைன்னு. தலைமைப் பொறியாளர் கையெழுத்து. கீழே ஒரு கோடு, அவ்வளவுதான்."

"நான் நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்திருக்கேன் சார். எழுபத்திரண்டு குடும்பம் சார்."

"தெரியும். நீங்க கையெழுத்துப் போடலைன்னா அவங்களுக்கு வீடு வந்துருமா? துணைப் பொறியாளர் போடுவார். அறிக்கை எப்படியும் போகும். வித்தியாசம் உங்க அண்ணன் மட்டும்தான்."

அவர் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. அதுதான் கொடுமை. அவள் எழுந்து நின்று, "என்னால முடியாது சார்" என்றாள். முப்பது வருடத்தில் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய வாக்கியம். வெளியே வந்தபோது அந்தப் பழைய பெருமை கொஞ்சம் எட்டிப்பார்த்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அண்ணியிடம் நேரில் சொல்வதுதான் முறை என்று அங்கிருந்தே பேருந்து ஏறினாள். ஊருக்கு வெளியே, இரண்டு பேருந்து மாறி, ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தாள். ஒற்றை அறை. கட்டிலைப் போட்டது போக நிற்கத்தான் இடம். கழிவறை தெருக்கோடியில். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து, சுவரில் இல்லாத ஒரு குழாயைத் திருகிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்து, "வாங்க, உட்காருங்க" என்றார். தங்கை என்று தெரியவில்லை.

அண்ணி டீ போட்டுக் கொடுத்தாள். அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், மாதிரி வீடு உட்பட. மறைத்துப் பழக்கமில்லை.

அண்ணி அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"கொடுக்கறேன்னு சொன்னாரா? அவரே வாயைத் திறந்து சொன்னாரா?"

"சொன்னார் அண்ணி. ஆனா அந்த எழுபத்திரண்டு பேர்..."

"அவங்களுக்குத்தான் எப்படியும் இல்லைன்னுட்டாரே." அண்ணி திரும்பினாள். அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. "நாங்க உன்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணு கேட்டிருக்கோமா? போன் பண்ணாதேன்னே, பண்ணலை. வராதேன்னே, வரலை. போன மாசம் இவர் தெருவுல விழுந்து தலையில அஞ்சு தையல், உனக்குச் சொல்லலை. வீட்டுக்காரர் இந்த அறையையும் காலி பண்ணச் சொல்றார், பூட்டிவெச்ச ஆள் ராத்திரியெல்லாம் கதவை இடிக்கிறார்னு. இவரை எங்கம்மா கொண்டுபோய் வெப்பேன்? நீ நல்ல பேர் வாங்கறதுக்கு எத்தனை தடவைதான் நாங்க வெளியில நிக்கணும்?"

அவளிடம் இருந்த எல்லாம் அந்தக் கேள்வியில் சரிந்து விழுந்தது. நேர்மை, விதி, மூன்று தட்டு, முப்பது வருடம், எல்லாம். எழுபத்திரண்டு குடும்பங்களை அவளால் காப்பாற்ற முடியாது. இந்த ஒரு அறையிலிருந்து இரண்டு பேரைத் தூக்கிவிடலாம். அதற்கு ஒரு பொய் வேண்டும், அவ்வளவுதானே. டீயைக் கீழே வைத்துவிட்டு, அஞ்சு மணி தாண்டியதைக்கூட யோசிக்காமல் வாசலுக்குப் போய் இயக்குநருக்குப் போன் செய்தாள்.

"சார், கையெழுத்துப் போடறேன். இப்பவே கிளம்பி வர்றேன்."

மறுமுனையில் இயக்குநர் உச்சுக்கொட்டினார்.

"அடடா. துணைப் பொறியாளர் அஞ்சு மணிக்கே போட்டுட்டாரே மேடம். அறிக்கை போயாச்சு. அந்த வீட்டையும் அவர் கேட்டார், மச்சானுக்காக. உங்களுக்கு வேண்டாம்னுட்டீங்களேன்னு எழுதிக் கொடுத்துட்டேன். ரெண்டு மணி நேரம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் போனை அணைத்த பிறகும் காதிலிருந்து எடுக்கவில்லை. அண்ணி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். அவள் 'போடறேன்' என்று சொன்னது மட்டும் அண்ணிக்குக் கேட்டிருந்தது.

"என்னம்மா சொன்னார்?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல வேண்டும். அவள் வாயைத் திறந்தாள்.

"சரின்னுட்டார் அண்ணி" என்றாள்.

அண்ணி அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் உள்ளே ஓடி, கட்டிலில் இருந்தவரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏங்க, கேட்டீங்களா? நமக்கு வீடு கிடைச்சாச்சுங்க! உங்க தங்கச்சி வாங்கிக் கொடுத்துட்டா."

அண்ணன் நிமிர்ந்து, வாசலில் நின்ற அந்நியப் பெண்ணை மரியாதையாகப் பார்த்தார்.

"எந்த மாடிங்க?" என்று கேட்டார்.

"மூணாவது மாடி" என்றாள் அவள்.