பூக்கவிடாத செடி

ஒரு செடியைப் பூக்கவிடாமல் வளர்ப்பவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? துளசியில் கதிர் வந்தால் என் அம்மா கிள்ளி எறிவாள். கதிர் முற்றினால் செடி சீக்கிரம் போய்விடும் என்பாள். அது வேறு. இது, ஒரு பூவுக்காகவே பதினோரு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்துவிட்டு, மொட்டு வந்த நாளிலிருந்து தினமும் ஒன்றுவிடாமல் கிள்ளிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் கதை.

அந்த வீடு ஒக்லாண்ட் நகரத்தில், பிளாக்ஹவுஸ் பேயில் இருக்கிறது. 2025 ஜூனில் அங்கே ஓர் அறைக்கு வாடகைக்குப் போனேன். எனக்குப் பென்ரோஸில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. மதியம் போனால் இரவில்தான் திரும்புவேன். வீட்டுக்காரர் கேதீஸ்வரன் பஸ் ஓட்டுகிறவர், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மனைவி ரதிதேவிக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. அண்ணன், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மூன்று பேரும் மூன்று நேரத்தில் வந்து போகும் வீடு. காலை எட்டு மணிக்கு மட்டும் சமையலறையில் ஒன்றாக நிற்போம். தேத்தண்ணி ஊற்றுவது அண்ணனின் வேலை. மூன்று கோப்பை.

"வெற்றி, நீர் தேத்தண்ணிக்குச் சீனி போடுறீரோ, சீனிக்குத் தேத்தண்ணி விடுறீரோ?" என்று தினமும் கேட்பார். தினமும் அக்கா சிரிப்பார்.

அலமாரியில் நாலாவதாக ஒரு கோப்பை கவிழ்த்து வைத்திருந்தது. வந்த வாரத்தில் தெரியாமல் அதை எடுத்துவிட்டேன். அக்கா அதை என் கையிலிருந்து வாங்கி, அதே இடத்தில், அதே மாதிரிக் கவிழ்த்து வைத்தார்.

செடி வீட்டின் பின்பக்கம், துணி காயப்போடும் கம்பிக்கும் வேலிக்கும் நடுவில் ஒரு பெரிய தொட்டியில் நின்றது. என் நெஞ்சு உயரம். இலைகள் சொரசொரப்பாக இருக்கும். நல்ல வெயில் அடிக்கும் நாளிலும் அவை நனைந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பூனை வேலிமேல் நடந்து வரும். அந்த இடம் வந்ததும் கீழே குதித்துச் சுற்றிக்கொண்டு போகும். எந்நேரமும் கத்திக்கொண்டிருக்கும் இந்த ஊர்த் தூயி குருவி அந்தச் செடியில் வந்து உட்கார்ந்தால் வாயைத் திறக்காது. இதையெல்லாம் நான் பார்த்தேன். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் பேச ஆளில்லாதவன் பூனையையும் குருவியையும் பார்த்துக்கொண்டுதானே இருப்பான்.

இங்கே குளிர்காலமான ஆகஸ்டில் அண்ணனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அதற்கு முந்தின நாள் காலையில், அக்கா வேலை முடிந்து வருவதற்கு முன்னால், என்னைச் செடியிடம் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, நீர் ஒரு உதவி செய்ய வேணும். நான் வாற மட்டும் நாளும் விடிய இதில இருக்கிற மொட்டெல்லாத்தையும் நுள்ளிப்போடும். ஒண்டையும் விடக்கூடாது. அக்கா ஏழரைக்கு வந்திடுவா. அதுக்கு முதல் முடிக்க வேணும்."

"எதுக்குண்ணே?"

"உங்கட இந்திய ஆக்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு 'எதுக்கு' வேணும்." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நடைவழியில் மாட்டியிருக்கும் படத்தில் இருப்பது யார் தெரியுமா என்று கேட்டார். பல் விழுந்த ஒரு சின்னப் பெண்ணின் படம் அது. ஊரில் இருக்கும் சொந்தக்காரப் பிள்ளை என்று நினைத்திருந்தேன்.

"மகள். ராகவி. ஏழு வயசில துலைஞ்சு போனவள். இந்தப் பூப் பூத்த வருசம், ஊருக்குப் போயிருக்கேக்க, நுவரெலியாவுக்கு மேல, மலைப் புல்வெளியில. பன்னிரண்டு வருசத்துக்கு ஒருக்காத்தான் பூக்கும். பூத்திட்டுச் செத்துப்போகும். திரும்பப் பூக்கேக்க பிள்ளை வந்திடுவாள் எண்டு அக்கா ஒருநாள் சொன்னவா. ஒரே ஒரு நாள்தான் சொன்னவா." ஒரு மொட்டைக் கிள்ளினார். விரல் சொடுக்கு எடுப்பதுபோலச் சத்தம் வந்தது. "பூத்து, ஒருத்தரும் வராட்டி, பேந்து அவ எதைப் பாத்துக்கொண்டு இருப்பா?"

கிள்ளியதை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக் கொதிதண்ணீர் ஊற்றி, சிவப்பு மூடிக் குப்பைத்தொட்டியில் கொட்ட வேண்டும். இந்த நாட்டில் வைத்திருக்கவே கூடாத வெளிநாட்டுச் செடி என்று அவருக்குத் தெரியும்.

முதல் நாள் காலை முப்பது மொட்டு கிள்ளினேன். விரல் நுனியெல்லாம் ஊதாவாகிவிட்டது. சோப்புப் போட்டும் போகவில்லை. கிடங்கில் கூட வேலை செய்யும் பையன் எந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டாய் என்று கேட்டான்.

இரண்டாம் நாள் கதவைத் திறந்தால் முற்றத்தில் மூடுபனி. முற்றத்தில் என்றால் முற்றம் முழுக்க இல்லை. வேலிக்கு அந்தப்பக்கம் தெரு தெளிவாகத் தெரிந்தது. துணிக்கம்பிக்கு இந்தப்பக்கமும் ஒன்றுமில்லை. தொட்டியைச் சுற்றி மட்டும் இடுப்பளவுக்கு வெள்ளையாக நின்றது. அதற்குள் அக்கா ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அவருக்கு லீவு என்பதை நான் மறந்துவிட்டேன். என் கையில் ஐஸ்கிரீம் டப்பா. மறைக்க வழியில்லை.

"வாரும். இவர் சொல்லிட்டுப் போனவரோ?"

டப்பாவைத் தரையில் வைத்தேன்.

"அவர் விடிய நுள்ளுறது எனக்குத் தெரியும். பின்னேரம் நான் வேலைக்குப் போக முதல் நான் நுள்ளுவன்." கையை விரித்துக் காட்டினார். என் விரல்களைவிட ஊதா. "ரெண்டு பேர் நுள்ளியும் இது நிக்குதில்ல, பாரும்."

நேற்று முப்பது இருந்த இடத்தில் இன்று எண்ணவே முடியாது.

"அவளுக்கு அண்டைக்குக் குளிர். என்ர கம்பளிச் சட்டையைத்தான் போட்டு விட்டனான். பூவுக்குள்ள ஓடிப்போய் நிண்டு, 'ஃபைண்ட் மீ அம்மா' எண்டாள். இஞ்ச பிறந்த பிள்ளை, இங்கிலீசுதான் வரும். நான் கண்ணைப் பொத்திப் பத்து எண்ணினன். எண்ணி முடிக்கப் பனி மூடிட்டுது. அஞ்சு மாசம் தேடினது. சட்டை கிடைச்சது, ஒரு சப்பாத்துக் கிடைச்சது. ஒக்லாண்ட் ஏர்போட்டில சப்பாத்தில இருந்த மண்ணைக் கழுவித் துடைச்சுத் தந்தாங்கள். அவங்கட வேலை அது. சட்டையை ஒருத்தரும் பாக்கேல்ல. அதை இந்த இடத்தில வச்சுத்தான் உதறினனான். அதில ஒட்டியிருந்த விதைதான் இது."

அக்கா மொட்டு கிள்ளத் தொடங்கினார். நானும் குனிந்து கிள்ள ஆரம்பித்தேன்.

"அக்கா, அவ வரணும்னு உங்களுக்கு ஆசை இல்லையா?"

"இல்லாமலோ?" என்றார். "இப்ப அவளுக்குப் பத்தொன்பது வயசு. கம்பஸுக்குப் போற வயசு. நானும் ஒவ்வொரு வருசமும் அவளை வளத்துக்கொண்டுதான் வாறன், மனசுக்குள்ள. வாறவள் ஏழு வயசாவே வந்து நிண்டால் நான் என்ன செய்யிறது, தம்பி?"

மூன்றாம் நாள் சனிக்கிழமை. அண்ணனைக் கூட்டிவர அக்கா காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது, "வடிவாப் பாத்து நுள்ளும்," என்றார். ஒன்றரை மணி நேரம் கிள்ளினேன். டப்பா நிறைந்து, பக்கத்தில் வாளி வைத்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, அடித்தண்டில், மண்ணைத் தொடுகிற இலைக்குக் கீழே, ஒன்று இருந்தது. விரலால் பிடித்தேன்.

சூடாக இருந்தது. ஆகஸ்ட் மாதக் குளிரில், பனி சொட்டும் செடியில், தூங்கும் குழந்தையின் காது மடல்போலச் சூடாக இருந்தது.

கையை எடுத்துவிட்டேன். அவர்கள்மேல் இரக்கப்பட்டேன், பூவைப் பார்க்க ஆசைப்பட்டேன் என்றெல்லாம் பிறகு யோசித்துப் பார்த்தேன். பொய். பயம்தான். வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

மதியம் இரண்டு பேரும் வந்தார்கள். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார். சாப்பிட்டார், மாத்திரை போட்டார், என் சாம்பாரை ஆஸ்பத்திரிச் சூப்போடு ஒப்பிட்டு ஆஸ்பத்திரிக்கே பரிசு கொடுத்தார். நாலு மணி இருக்கும், தேன் வாசம் வந்தது. சமையலறை வரைக்கும் வந்தது. மூன்று பேருக்கும் வந்தது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அண்ணன்தான் முதலில் எழுந்தார்.

அது மணிபோல ஒரு சின்னப் பூ. நீலமும் ஊதாவும் கலந்த நிறம். மண்ணுக்கு அருகில் தலைகுனிந்து நின்றது. இவ்வளவுதானா என்று தோன்றியது.

"தம்பி, இது நீர் விட்டதோ?"

"ஆமாண்ணே. ஒண்ணு விட்டுட்டேன்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நானும்தான் இவ்வளவு நாளும் நுள்ளினனான்," என்றார் அக்கா.

"ஓம். தெரியும்."

இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள். பனி அவர்கள் முழங்கால் வரை வந்திருந்தது. அக்கா குனிந்து, விரலை நீட்டி, பூவைத் தொடாமலே கையை இழுத்துக்கொண்டார். இருட்டத் தொடங்கியதும் உள்ளே வந்து வழக்கம்போலப் பின்கதவைப் பூட்டப் போனார்.

"பூட்டாதையும்," என்றார் அண்ணன்.

"குளிர் வருமப்பா."

"வரட்டும்."

நான் என் அறைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை பின்கதவு சாத்தியிருந்தது. தொட்டியில் செடி குச்சி குச்சியாகக் காய்ந்து நின்றது. பனி இல்லை. அக்கா சமையலறைத் தரையில் இருந்த சின்ன மண் தடங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். எட்டு மணிக்கு அண்ணன் மூன்று கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினார். நாலாவது கோப்பையை நிமிர்த்தி, அதில் பால் மட்டும் ஊற்றி, சூடு ஆறட்டும் என்று ஓரமாக வைத்தார்.