கையில் செருப்பு

மகள் பிரித்திகாவுக்குப் புதுச்சேரியில் வேலை. பார்க்க வந்த அம்மா ராதாமணியையும் அப்பா சங்கரபாண்டியனையும் காலையிலிருந்தே தெருத்தெருவாக நடக்கவைத்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் சுவர்கள், உயர்ந்த ஜன்னல்கள், மதிலுக்கு மேலே காகிதப்பூ.

"அடுத்தவன் வீட்டுச் சுவரைப் பாக்கவா புதூர்ல இருந்து வந்தோம்?" என்று ராதாமணி முணுமுணுத்தாலும் கண் என்னவோ சுவரை விட்டு அகலவில்லை.

பூங்காவில் இருந்தபோது சடசடவென்று மழை கொட்டி ஓய்ந்தது. வாசலுக்கு வந்ததும் ராதாமணி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"யம்மா, இது கல்லு பாவின தெரு. நம்மூர்க் கரிசலா, செருப்புல ஒட்டிக்கிடுததுக்கு?" பிரித்திகா விழுந்து விழுந்து சிரித்தாள்.

ராதாமணிக்கு வெட்கமாகப் போயிற்று. கல்யாணமான புதிதில் இப்படித்தான் ஒரு மழை. பஸ்ஸை விட்டு இறங்கி வீடுவரை சேற்றில் நடந்தார்கள். அவள் செருப்பையும் சங்கரபாண்டியன்தான் தூக்கி வந்தார். எதிரே ஆள் வந்தபோது மட்டும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ராதாமணி செருப்பைக் கீழே போடக் குனிந்தாள்.

"ஏட்டி, இங்கன கொண்டா."

சங்கரபாண்டியன் கையில் ஏற்கெனவே அவர் செருப்பு இருந்தது. அவளுடையதையும் வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். எதிரே ஒரு கூட்டமே வந்தது. அவர் மறைக்கவில்லை.