நான்கு வேளைச் சொட்டு

சுயம்புவுக்கு அறுபத்திரண்டு வயது. கல்யாணம் காட்சி என்று எதுவும் அமையவில்லை. வாஷியில் ராத்திரி வாட்ச்மேன் வேலை, மும்பை தாராவியில் ஒற்றை அறை. கண்புரை ஆபரேஷன் முடிந்து வந்தவருக்குச் சொட்டு மருந்து விட ஆளில்லை. தானே விட்டுக்கொண்டால் கன்னம்தான் குளித்தது. எதிர் அறைத் தையல்காரர் மன்சூர் அலி, "இங்க கொண்டாங்க அண்ணாச்சி" என்று குப்பிகளை வாங்கிக்கொண்டார்.

முதல் வாரம் தினம் ஆறு வேளை. இரண்டு மருந்து, ஒன்று விட்டு ஐந்து நிமிடம் கழித்துத்தான் அடுத்தது. அந்த ஐந்து நிமிடமும் மன்சூர் அலி போகாமல் உட்கார்ந்து, சட்டைப் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிறவன் வராதது, குழாயில் தண்ணீர் நின்றது என்று எதையாவது பேசுவார். சுயம்பு கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருப்பார். இத்தனை வருஷத்தில் அவர் முகத்தைத் தொட்டது சலூன்காரன் கை மட்டும்தான்.

ஆனால் இந்த மருந்துகளை வாரத்துக்கு ஒரு வேளையாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஆறு ஐந்தானது, ஐந்து நான்கானது. கண் தெளியத் தெளிய மனுஷன் மிச்சமிருக்கும் வேளைகளை எண்ண ஆரம்பித்தார். ஆறாவது வாரம் ஒரே வேளை. அதுவும் முடிந்த அன்று, தெரு முக்கத்து மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி இரண்டு புதுக் குப்பி வாங்கி வந்தார்.

"திரும்பவும் நாலு வேளை விடச் சொல்லிட்டாவ பாய்" என்று கூசாமல் பொய் சொன்னார்.

ஒரு மாதம் நன்றாகத்தான் போனது. அடுத்த பரிசோதனையில் டாக்டர் வாட்டி எடுத்துவிட்டார். அதில் ஒன்று ஸ்டீராய்டு மருந்தாம். அளவுக்கு மேல் விட்டதில் கண்ணுக்குள் பிரஷர் ஏறியிருக்கிறது, இப்போதே நிறுத்தினால் இறங்கும், இன்னும் விட்டால் பார்வையே போய்விடும் என்றார்.

மத்தியானம் வழக்கம்போல் மன்சூர் அலி கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"வேண்டாம் பாய்" என்றார் சுயம்பு. "மருந்து போன மாசமே முடிஞ்சிட்டு. நாந்தான் பொய் சொன்னேன்." டாக்டர் சொன்னதையும் ஒளிக்காமல் சொன்னார்.

மன்சூர் அலியின் முகம் சுண்டிப்போனது. "என் கையாலயே உம்ம கண்ணக் கெடுக்கப் பாத்தீரே. வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா வர மாட்டனா?"

"என்ன சோலின்னு சொல்லிக் கூப்பிட, பாய்?"

மன்சூர் அலி கழுவிய கையைத் துடைத்துக்கொண்டார். மிஷினில் பாதித் துணி கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

எதிர் அறையில் அவர் குனிந்து தைப்பது சுயம்புவுக்கு இப்போது துல்லியமாகத் தெரிந்தது. அன்றைக்கு அவர் ஒரு தடவைகூட நிமிரவில்லை.