கடைசி ஆளுக்குப் பின்னால் வந்த லொறி

போன மாதம் எங்கள் பக்கம் நடந்த ஏழு ஏற்றச் சைக்கிள் சவாரியைப் பற்றிப் பலர் படம் போட்டு எழுதிவிட்டார்கள். முதலாவதாக வந்தவர்களின் கதை எல்லாருக்கும் தெரியும். நான் கடைசியாக வந்தவள். என் கதையை நானே எழுதினால்தான் உண்டு.

என் பெயர் தயாளினி. வயது நாற்பத்தொன்பது. இருபத்திரண்டு வருடமாகக் குடும்பநல மாதுவாக வேலை செய்கிறேன். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை. கட்டைபறிச்சானும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் என் பகுதி. போவது வருவது எல்லாம் சைக்கிளில்தான். ஒருமுறை ஸ்கூட்டி ஓடப் பழகினேன். இரண்டாம் நாளே ஒருவருடைய வேலியைக் கொண்டுபோய் அடுத்த வளவில் விட்டேன். அதோடு சரி.

இந்த வருடம் வலது முழங்கால் தகராறு பண்ணத் தொடங்கியது. எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த டொக்டர் ஜதுசன் எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார்.

"மிஸ், இந்த முழங்காலோட நீங்கள் வெளியில திரிய ஏலாது. உங்களை அலுவலகத்துக்குள்ள எடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதப்போறன். கதிரையில இருந்து பதிவுகளைப் பாருங்கோ."

"ஏலும் டொக்டர். இப்பவும் ஒரு நாளைக்கு இருபது கிலோமீற்றர் ஓடுறனான்."

"இருபது கிலோமீற்றர் மட்டமான ரோட்டில." அவர் சுவரில் ஒட்டியிருந்த சவாரி விளம்பரத்தைக் காட்டினார். "நானும் இதுக்குப் போறன். வெருகலில இருந்து உவர்மலை வரைக்கும். ஏழு ஏற்றம். நீங்களும் வந்து முழுக்க ஓடி முடியுங்கோ, நான் கடிதம் எழுதேல்லை. ஏலாம பின்னால வாற லொறியில ஏறினீங்களெண்டா அடுத்த மாசம் கதிரை."

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். நான் பின்னேரமே போய்ப் பெயர் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் என் கணவர் வேலன், "கதிரையில இருந்து சம்பளம் எடுக்கிறது பாவமே?" என்று கேட்டார். பாவமில்லை. ஆனால் பதிவுப் புத்தகத்தில் பிள்ளையின் நிறை மட்டும்தான் இருக்கும். அது தாயின் மடியில் எப்படிக் கிடக்கிறது என்று இருக்காது. எனக்கு அந்தக் கதிரை வேண்டாம். இதை அவருக்குச் சொன்னேன். அவர் எழும்பிப் போய்ச் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுத் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிய ஐந்தரைக்கு வெருகலில் நாற்பத்து மூன்று பேர் நின்றோம். சட்டம் மூன்று. களைத்தால் நிற்கலாம். ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கக் கூடாது. ஏலாதவர்களை ஏற்ற ஒரு லொறி பின்னால் வரும், அது எந்தக் காரணம் கொண்டும் கடைசி ஆளை முந்தாது. செங்கல் ஏற்றுகிற லொறி அது. மிச்சம் மீதியைக் கூட்டி அள்ளிக்கொண்டு வருவதால் அதற்குத் தும்புத்தடி, அதாவது விளக்குமாறு, என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓட்டுநர் மூதூர் முஹம்மது தம்பி. அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் நான்தான் நிறை பார்த்தேன்.

டொக்டரின் சைக்கிளில் இருபத்தொரு கியர். அவரே சொன்னார். என்னுடையது முன்னால் கூடை பூட்டிய லேடீஸ் சைக்கிள். முதல் ஏற்றத்திலேயே அவர் எனக்குக் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது ஏற்றத்தில் எல்லாருமே போய்விட்டார்கள். எனக்குப் பின்னால் லொறியின் உறுமல் மட்டும் கேட்டது.

நான் ஏறுகிற விதம் வேறு. நேரே மிதித்தால் முழங்கால் விடாது. பாரம் இழுக்கிற மாடு மேட்டில் ஏறுவதுபோல ரோட்டின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் வளைந்து வளைந்து போவேன். தூரம் கூடும், நோ குறையும்.

மூன்றாவது ஏற்றத்தின் பாதியில் ரோட்டோரம் ஒருவர் காலை நீட்டிக்கொண்டு கிடந்தார். கிட்டப் போனால் எங்கள் டொக்டர்.

"கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சிட்டுது மிஸ்."

"வேகமா வந்து தண்ணி குடிக்காம விட்டிருப்பியள்."

"அதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்லுறனான்."

பாதத்தைப் பிடித்து மேலே மடக்கி, கெண்டையை உருவிவிட்டேன். எழும்பி இரண்டு அடி வைத்தார். திரும்பவும் இழுத்தது. முஹம்மது தம்பி இறங்கிவந்து சைக்கிளைத் தூக்கிப் பின்னால் போட்டார். "ஏறுங்க டொக்டர். உள்ள ஏற்கனவே மூணு பேர் ஈக்காங்க. உங்களோட நாலு."

டொக்டர் ஏறிச் செங்கல் தூசிக்குள் உட்கார்ந்தார். நான் மிதிக்கத் தொடங்கினேன்.

அதற்குப் பிறகுதான் தொல்லை. வழி கட்டைபறிச்சானுக்குள் போனது. அது என் பகுதி என்று சொன்னேன் அல்லவா? அந்த ரோட்டில் என் சைக்கிளைக் கண்டால் மிஸ் வேலைக்கு வருகிறா என்றுதான் அர்த்தம். முதல் கேற்றடியில் வசந்தினி இரண்டரை மாதப் பிள்ளையோடு நின்றாள்.

"மிஸ், ஞாயிற்றுக்கிழமையும் வாறியளே?"

"வேலைக்கு வரேல்லை பிள்ளை. இது ஓட்டம்."

"அப்ப ஒருக்கா இறங்கிப் பாருங்கோ. இவன் மூண்டு நாளா வெளிக்குப் போகேல்லை."

பார்க்காமல் எப்படிப் போவது? இறங்கினேன். வயிறு மெதுமெதுவென்று இருந்தது. பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தான். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஏறினேன். ஏறுகிறபோது முழங்காலுக்குள் ஊசி குத்தினாற்போல் இருந்தது.

அடுத்த கேற்றில் ஒரு கர்ப்பிணி, கால் வீக்கம். அதற்கடுத்ததில் முலைக்காம்பு வெடிப்பு. ஐந்தாவது கேற்றில் நான் இறங்கியபோது லொறிக்குள்ளிருந்து றுவைஸ் எட்டிப் பார்த்தார். கிண்ணியாவில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். முதல் ஏற்றத்திலேயே லொறியில் ஏறிவிட்டவர்.

"மிஸ், இது சவாரியா, கிளினிக்கா? சாப்பாடு உவர்மலையில மிஸ். ஒரு மணிக்கு சஹன் வைக்கிறாங்க."

"நீங்க போங்கோ தம்பி, நான் வாறன்."

"போக உடுறாரா இவரு?"

முஹம்மது தம்பி ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி சொன்னார். "கடைசி ஆளுக்குப் பின்னாலதான் நிக்கணும். சட்டம்."

ஆறாவது கேற்றில் சுஜானி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கையைக் காட்டினாள். நான் பிரேக் பிடிக்க, பின்னால் லொறியிலிருந்து குரல் வந்தது. "மிஸ், இறங்காதேங்கோ." டொக்டர் நொண்டி நொண்டி இறங்கி வந்தார். "நான் பாத்துக்கொண்டுதான் வாறன். ஓடேக்க உங்களுக்கு நோ இல்லை. இறங்கி ஏறேக்கதான் முகம் மாறுது. நீங்கள் காலை ஊண்டிக்கொண்டு நில்லுங்கோ. நான் பிள்ளையைப் பாக்கிறன்."

சுஜானி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நீங்கள் ஆர்?"

"டொக்டர்."

அவள் முழங்காலுக்கு மேலே நின்ற அவருடைய இறுக்கமான கட்டைக் களிசானையும் முதுகு முழுக்க அப்பியிருந்த செங்கல் தூசியையும் மேலிருந்து கீழே பார்த்தாள். "மிஸ், மெய்யே?"

"ஓம் பிள்ளை, மெய்தான். குடு."

நான் சொன்ன பிறகுதான் பிள்ளை கை மாறியது. உடம்பில் வேர்க்குரு. டொக்டர் பார்த்துச் சொன்னதை அவள் கேட்டுவிட்டு, "அப்படியே மிஸ்?" என்று என்னிடம் திரும்பவும் கேட்டாள். லொறிக்குள் சிரிப்புச் சத்தம். மூதூர் ரோட்டுக்கு ஏறுகிற வரைக்கும் இன்னும் நாலு கேற். நாலிலும் டொக்டர்தான் இறங்கினார்.

மூதூரிலிருந்து கிண்ணியாப் பாலம் தாண்டும்வரை மட்டமான ரோடு, குறையில்லாமல் ஓடினேன். வெள்ளைமணலுக்குப் பிறகு நாலாவது, ஐந்தாவது, ஆறாவது ஏற்றங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று அடுப்பு ஊதுவதுபோல் அடித்தது. ஒரு மணி கடந்து, இரண்டு மணியும் கடந்தது. லொறிக்குள் இருந்தவர்களுக்குப் பசி. அவர்களைப் பிழை சொல்ல ஏலாது.

"ஏறுங்க மிஸ்," என்றார் றுவைஸ். "நாங்க ஒருத்தருக்கும் சொல்ல மாட்டம். உவர்மலைக்குக் கிட்ட இறக்கி உடுறம்."

"டொக்டர் இருக்கிறார்."

"டொக்டர் கண்ணை மூடுவாரு. மூடுங்க டொக்டர்."

டொக்டர் மூடவில்லை. மூடியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. ஏனென்றால் டவுனுக்குள் வந்து உவர்மலையின் அடியில் நின்றபோது முழங்கால் பணிஸ் மாதிரி வீங்கியிருந்தது. ஒரு காலை ஊன்றிக்கொண்டு மேலே பார்த்தேன். ரோடு நேரே ஏறியது. டொக்டர் இறங்கிவந்து குனிந்து முழங்காலைத் தொட்டுப் பார்த்தார்.

"மிஸ், காணும். ஏறுங்கோ. நான் பகிடிக்குச் சொன்னது."

"லொறியில ஏறினாக் கதிரை எண்டு சொன்னது பகிடியே?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிசன். "அது பகிடியில்லை."

"அப்ப தள்ளி நில்லுங்கோ. எனக்கு வளைக்க இடம் வேணும்."

மிதித்தேன். இந்தக் கரை, அந்தக் கரை. டொக்டர் திரும்ப ஏறிக்கொள்ள, லொறி முதல் கியரில் பின்னால் ஊர்ந்தது. கால்வாசி தூரம் போகவில்லை, ஒரு எரிந்த மணம் வந்தது. முஹம்மது தம்பி தலையை வெளியே நீட்டினார்.

"இந்த வேகத்துல கிளச் போயிரும்! பாரத்தோட ஏற ஏலா. நான் பின்னுக்கு எடுத்துக் கீழ நிக்கிறன். மிஸ் மேல போன பொறகு வாறன். பசிக்கிற ஆக்கள் இறங்கி நடங்க."

நாலு பேரும் இறங்கினார்கள். நான் ரோட்டை அறுத்து அறுத்துப் போனேன், அவர்கள் பின்னால் நடந்து வந்தார்கள். ஒரு ஓட்டோக்காரர் என் வளைவுகளைப் பார்த்துவிட்டு ஹோர்ன் அடிக்கக் கையெடுத்தார். றுவைஸ் ஓடிப்போய் அவரை மறித்தார். "பொறுங்க நாநா. இவ மேல போனாத்தான் எங்களுக்குச் சோறு." டொக்டரால் நடக்க ஏலவில்லை. கெண்டை திரும்பவும் இழுக்க, ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கடைசி வளைவில் திரும்பியபோது அவரைக் கண்டேன். அவர் என் முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே போய்ச் சேர்ந்தபோது இரண்டு ஐம்பது. முடிவு எல்லையில் கட்டியிருந்த பதாகையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் விரித்துப் பிடித்தார்கள். அதற்குக் கீழால் ஓடினேன். இறங்க முடியவில்லை. ஒரு பொம்பிளைப் பிள்ளை சைக்கிளைப் பிடிக்க, இன்னொருத்தி என்னைப் பிடித்து இறக்கினாள்.

கிண்ணியாவில் சமைத்த புரியாணி. ஆறு பேருக்கு ஒரு சஹன், அதாவது ஒரு பெரிய தட்டு, எல்லாரும் பாயில் சுற்றி இருந்து அதில் சாப்பிடுவார்கள். எனக்கு முழங்கால் மடங்காது. பத்து நிமிடம் கழித்து நொண்டி நொண்டி வந்து சேர்ந்த டொக்டருக்குக் கெண்டை மடங்காது. எங்களுக்கு இரண்டு கதிரை போட்டு, நடுவில் ஒரு ஸ்டூலை வைத்து, அதில் ஒரு சஹனை வைத்தார்கள். ஆறு பேருக்கான சாப்பாடு.

"கடிதம் எழுதேல்லை மிஸ்," என்றார் டொக்டர்.

"நன்றி டொக்டர்."

"ஆனா முழங்காலுக்கு மருந்து செய்ய வேணும். ஒரு கிழமை லீவு. பிறகு போங்கோ. ஒண்டு மட்டும், கேற்றடியில நீங்கள் இறங்கக் கூடாது. தாய்மார் பிள்ளையைக் கொண்டு ரோட்டுக்கு வரட்டும். ஏலாத ஆக்களிட்டை மட்டும் இறங்குங்கோ."

"நான் சொன்னா, மிஸ்ஸுக்குப் பெருமை வந்திட்டுது எண்டு சொல்லுவினம். நீங்கள் வந்து சொன்னா நல்லம்."

"நான் சொன்னா அதுகள் கேக்குமே? நீங்கள் ஓம் எண்டு தலையாட்டினாத்தானே பிள்ளையையே தருகினம்."

"தலையாட்டிறன், வாங்கோ."

அவர் ஒரு இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளிவைத்தார். அந்த நேரம் முஹம்மது தம்பியின் லொறி மேலே வந்து நின்றது. றுவைஸ் பாயிலிருந்து கையைத் தூக்கி, "சாப்பாடு முடிஞ்சுது நாநா" என்றார். முஹம்மது தம்பி எங்கள் ஸ்டூலைப் பார்த்தார். ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து, மூன்றாவது ஆளாக உட்கார்ந்தார்.