ஒருக்களித்து

ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்காகக் கலைச்செல்வனைப் புரட்டியபோது அவன் வீசிய கை பட்டு, மனைவி செல்லக்கிளியின் உதடு கிழிந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடியும் அவன் இடுப்புக்கடியில் கையைக் கொடுத்தாள். காடாம்புலியூரில் பலா மரத்திலிருந்து விழுந்ததில் அவன் கால்கள்தான் செத்துப்போயின. கல்யாணமான நாளிலிருந்து அவளை அடித்துவந்த கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் ஆஸ்பத்திரியிலிருந்து வடக்குத்திலிருந்த வீட்டுக்கு வந்தபோது பிட்டத்துக்கு மேலே ஒரு சிவந்த தடிப்பு மட்டும் இருந்தது. அடிக்கடி திருப்பிப் போடச் சொன்னார்கள். திருப்பப் போனால் அடித்தான். ஒருநாள் சொம்பை எடுத்து நெற்றியில் அடித்தான். அதற்குப் பிறகு அவள் சோறு ஊட்டினாள், மூத்திரப் பையை மாற்றினாள், திருப்பவில்லை. தடிப்பு கறுத்தது, பிளந்தது, உள்ளே எலும்பு தெரிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாத அவனுக்கு அது வலிக்கவேயில்லை.

நெய்வேலி ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்த நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"திருப்பியே போடலியாம்மா?"

"எங்க போட்டா? அழுக வுட்டு வேடிக்க பாத்துகினு இருந்தா" என்றான் கலைச்செல்வன்.

கூட வந்திருந்த செல்லக்கிளியின் தம்பி சிலம்பரசன் கட்டில்மேல் பாய்ந்து அவன் கழுத்தைப் பிடித்தான். "எங்க அக்கா மூஞ்சியப் பாருடா! பாருடா!" இரண்டு பேர் இழுத்தும் பிடி தளரவில்லை. கலைச்செல்வனின் கண்கள் பிதுங்கின. செல்லக்கிளி தம்பியின் முன்கையைப் பற்கள் பதியக் கடித்தாள்.

"வுட்றா. அவன் சொல்றது நெசந்தான்."

சிலம்பரசன் கையைத் தடவிக்கொண்டே வெளியே போனவன், திரும்பி வரவில்லை.

செத்த சதையை வெட்டவேண்டும், இங்கே முடியாது, கடலூருக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். மறுபடியும் ஸ்ட்ரெச்சர், மறுபடியும் வண்டி. டவுன்ஷிப்பைத் தாண்டியதும் அவனை ஒருக்களிக்க வைக்கக் குனிந்தாள். அவன் கையை ஓங்கினான். இந்தமுறை அந்த மணிக்கட்டைப் பிடித்து, அவன் அலறும்வரை பின்னால் முறுக்கினாள்.

"இனிமே அடிச்சே, ஒடிச்சிப்புடுவேன். ஆனா திருப்பிப் போடுவேன்."

அவன் முதல்முறையாக அவளைப் பயத்தோடு பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்கு இனித்தது. இனித்தது உறைத்ததும் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள்.

வளைவில் வண்டி சாய்ந்தது. அவன் மல்லாந்துவிடாமல் முழங்காலை அவன் முதுகுக்கு அண்டக்கொடுத்தாள். முறுக்கிய மணிக்கட்டு அவள் பிடியிலேயே இருந்தது. கண்ணாடிக்கு வெளியே சுரங்க மண்மேடு நெடுந்தூரம் கூடவே வந்துகொண்டிருந்தது.