மணி வாங்கினான், பின்வார் வாங்கவில்லை

என் தம்பிக்கு அழகு முதலில், மற்றதெல்லாம் பிறகு. பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருக்கும்போது குட்டிக் குதிரைக்கு வண்டியும் வார்களும் வாங்கப் போனவன், கடைக்காரர் தலைபாடாக அடித்துக்கொண்டும் பின்வாரை விட்டுவிட்டு, கழுத்து மணியோடு வந்து நின்றான்.

பின்வார் என்பது குதிரையின் பின்தொடைகளைச் சுற்றிப் போகும் பட்டை. இறக்கத்தில் வண்டி உருண்டு குதிரையின் கால்களில் மோதாமல் தடுப்பது அதுதான். எங்கள் குதிரை என் இடுப்பு உயரம்கூட இல்லை. தம்பி, கால் சரியில்லாத தன் மகளை அந்த வண்டியில்தான் பள்ளிக்கூடம் அனுப்பப் போகிறானாம்.

"வண்டி லேசுதான்க்கா. சமதரையில எவ்வளவு அழகா ஓடுது, பார்த்தல்ல?"

"பள்ளிக்கூடம் சமதரையிலயாடா இருக்கு?"

"தாயில்லாத பிள்ளை. மணி வேணும்னு கேட்டா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பை தைப்பவள். "ரெண்டு நாள் பொறு, நானே நாடா வச்சுப் பின்வார் தச்சுத் தரேன்" என்றேன்.

"நாளைக்கே பள்ளிக்கூடம் திறக்குது."

"அப்ப முதல்ல மண்மூட்டையை ஏத்தி ஓட்டிக் காட்டு."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பிள்ளையின் எடைக்கு மண் அள்ளினான். மூட்டையை இருக்கையில் கட்டினான்.

பாதி இறக்கத்தில் வண்டி குதிரையின் பின்னங்காலை இடித்தது. மிரண்ட குதிரை அவன் கையிலிருந்த கயிற்றை உருவிக்கொண்டு ஓடியது. ஓட ஓட வண்டி இன்னும் இடித்தது. திருப்பத்தில் குடைசாய்ந்து, மூட்டை கிழிந்து, மண் சாலையெங்கும் சிதறியது. குதிரை காலில் ரத்தத்தோடு நடுங்கிக்கொண்டு நின்றது.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் கீழே ஓடினேன். அவன் உட்கார்ந்து, கிழிந்த மூட்டைக்குள் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான்.

"விடுடா, மண்ணுதானே."

"நேத்து நீ தைக்கிறப்ப, பாப்பாவை ஏத்திக்கிட்டு இதே இறக்கத்துல வந்தேன்க்கா." அவன் நிமிரவில்லை. "தலைக்கயிறை இறுக்கிப் பிடிச்சிருந்தேன். 'கயிறை விடுப்பா, நானே ஓட்டறேன்'னா. விடத்தான் போனேன். எதிர்ல லாரி வந்துச்சு, நின்னுட்டோம்."

நானும் உட்கார்ந்து மண்ணை அள்ளினேன்.

மேலே வாசலிலிருந்து பிள்ளையின் குரல் வந்தது. "அப்பா, மணிச் சத்தம் கேட்டுச்சே. இப்ப நான் ஏறலாமா?"

தம்பி எழுந்துபோய் குதிரையின் கழுத்திலிருந்து மணியை அவிழ்த்தான். அது ஒலிக்காதபடி கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.