சாவு வீட்டில் சிரித்த ஜெரோம்

அண்ணன் பெட்டிக்குள் கிடக்கிறான், தம்பி நின்று சிரிக்கிறான். இப்படி ஒரு கூத்தை எந்தச் சாவு வீட்டிலாவது கண்டதுண்டா? திருப்போரூரில் அண்ணன் ஞானதாஸ் வீட்டுப் பந்தலில் இருந்தவர்கள் அப்படியே விறைத்துப்போனார்கள். ஜெரோம் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அவரைத் தாங்கி நின்ற மகள் ஷாரோன் அவரைப் பின்னால் இழுக்கப் பார்த்தாள்.

மூளையில் ரத்தக்குழாய் அடைத்து அவருக்குப் பேச்சு போய் ஒரு வருஷம் ஆகிறது. இடையில் ஒருநாள் திடீரென்று சிரித்தார். வீடே கொண்டாடியது. மனைவி மேரி கோயிலில் நன்றிப் பூசை வைத்து, "எங்க வூட்டுக்காரு சிரிக்கிறாரு, பேச்சும் வந்துரும்" என்று தெருவெல்லாம் சொன்னாள். பார்க்க வந்தவர்கள் அவரை இன்னும் சிரிக்க வைத்துவிட்டுப் போனார்கள். நல்ல ஜனம்தான் போங்கள். எதற்குச் சிரிக்கிறார் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"அண்ணன் தம்பிக்குள்ள மனை வித்த தகராறு இன்னும் மனசுல கீது போல" என்று யாரோ முணுமுணுத்தார்.

ஞானதாஸின் மகன் பிரவின்குமார் முன்னால் வந்தான். "சித்தப்பா, போயிடு. நான் கை வச்சிட்டா அசிங்கமாயிடும்."

ஷாரோன் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வாய்தான் சிரித்தது. கண்ணீர் தாடையில் வழிந்தது. அவளுக்குச் சுரீரென்று உறைத்தது.

மாமல்லபுரம் கடலில் பிடிக்கும் கெளுத்தியை வைத்துத்தான் கல்லூரியில் அவள் ஆராய்ச்சி. தண்ணீரை விட்டுத் தூக்கினால் அந்த மீன் கர்ரென்று கத்தும். கத்த வைக்கும் நரம்பணுக்கள் மூளையின் அடித்தண்டில் இருக்கின்றன. தவளைக்கும் கொக்குக்கும் மனிதனுக்கும் கிட்டத்தட்ட அதே இடம்தான். அழுகையும் சிரிப்பும் அந்தப் பழைய இடத்திலிருந்து வருகிறவை. பேச்சு வெகு காலம் கழித்து மேல்மூளையில் வந்து குடியேறியது. அப்பாவுக்கு அந்த மேல்மூளைதான் அடிபட்டிருக்கிறது. கீழே எது கிளம்பினாலும் பிடித்து நிறுத்த ஆளில்லை.

"அண்ணா, அது சிரிப்பு இல்ல. அழுவுறாரு. மூளையில லைன் மாறி, அழுகை சிரிப்பா வருது."

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஞானதாஸின் மனைவி, பெரியம்மா பார்வதம், தலை நிமிர்ந்தாள்.

"போன மாசம் உங்க பெரியப்பா உங்க வூட்டுக்கு வந்தாரு. டாக்டர் கைய விரிச்சிட்டாருன்னு தம்பிகிட்ட சொல்லத்தான் வந்தாரு. அப்பவும் உங்கப்பா இப்படித்தான் சிரிச்சாரு."

மேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கு அவள் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு, அண்ணன் தம்பி ராசியாகிவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டாள். டீ ஆறியதுதான் மிச்சம், ஞானதாஸ் குடிக்காமல் போய்விட்டார்.

"வூட்டுக்கு வந்து செவுத்தப் பாத்துப் படுத்தாரு. தம்பி சிரிச்சிட்டான், தம்பி சிரிச்சிட்டான்னு அதயே சொல்லிகினு கெடந்தாரு, சாவுற வரைக்கும்."

பார்வதம் எழுந்து வந்தாள். ஜெரோமின் கன்னத்து ஈரத்தைக் கட்டை விரலால் துடைத்து, அந்த விரலைப் பார்த்தாள்.

"நீ சொல்றத நான் நம்புறன்மா. பெட்டியில கெடக்குற அவருக்கு யாரு சொல்றது?"

ஜெரோம் இன்னும் சத்தமாகச் சிரித்தார்.